தாத்தா எப்போது எழுந்திருப்பார்?



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, தாத்தா எப்போது எழுந்திருப்பார்?" என்று கேட்டான். "கர்த்தருக்குள் நித்திரையாயிருக்கிறார், தம்பி" என்று வழக்கமான சொல்லையே சொன்னேன். மூன்று வாரங்களுக்குப் பின் அவனுடைய தாயார் வந்து, பிள்ளை இரவில் உறங்க மறுக்கிறான் என்றார். உறங்கினால் தன்னையும் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறானாம். பெரியோருக்கு ஆறுதலான அச்சொல் அவன் செவிக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவேயில்லை.

பிள்ளைகளிடம் மரணத்தை எப்படிச் சொல்வது என்று தேடியபோது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் பழைய பகுதி ஒன்றைக் கண்டேன். சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்க 1969இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்களோ குழந்தை மனம் அறிந்தோரிடம் ஆலோசனை கேட்டு, இறந்தார் என்றே சொல்லத் தீர்மானித்தார்கள். முதுமை, நோய், மருத்துவமனை எதையும் காரணமாகச் சொல்லவில்லை. தாத்தா பாட்டி உள்ள பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே! 1983 நவம்பர் 24, நன்றி செலுத்தும் திருநாளன்று, அது ஒளிபரப்பானது.

பிக் பேர்ட் எட்டடிக்கு மேல் உயரமான மஞ்சள் பறவை. மனமோ ஆறு வயதுக் குழந்தையின் மனம். தன் பெரிய நண்பர்களை வரைந்த படங்களைக் கொண்டுவருகிறது. ஹூப்பர் திரும்பி வந்ததும் அவர் படத்தைக் கொடுப்பேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று மெல்லச் சொல்கிறார்கள். இனித் தனக்குத் தானியம் கலந்த மில்க் ஷேக் செய்து தருவது யார், கதை சொல்வது யார் என்று அது கலங்குகிறது. கடையை ஏற்ற டேவிட் செய்து தருவாராம். ஏன் இப்படி ஆகவேண்டும் என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. இல்லாத விடையை அவர்கள் புனையவுமில்லை. அங்கு நின்றோர் தங்கள் நண்பருக்காக மெய்யாகவே அழுதார்கள்.

இத்தனை ஆண்டு பிரசங்கபீடத்தில் நின்ற எனக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ச் சிறுவனருகே தரையில் அமர்ந்தேன். "அன்று நான் சரியாகச் சொல்லவில்லை, தம்பி. தாத்தா தூங்கவில்லை, இறந்துவிட்டார். தூங்குகிறவர்கள் காலையில் எழுந்துவிடுவார்கள். நீயும் எழுந்துவிடுவாய்" என்றேன்.

"தாத்தா வரமாட்டாரா?"

"இந்த வீட்டுக்கு இனி வரமாட்டார்."

உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்ல நாவு துடித்தது. அதை அவனே கேட்கும் நாளுக்கென்று வைத்துக்கொண்டேன். அவன் வெகுநேரம் பேசாதிருந்தான்.

பிறகு, "அப்படியானால் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போவார்?" என்றான். அவனுடைய தந்தை உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார்.