உத்திரம் இறக்குகிறவர்கள்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவொன்றில் நண்பரின் பூர்வீக வீடு இடிபடுவதாகச் சேதி வந்தது. "மேல்தளத்தை எப்படி எடுக்கறாங்கன்னு ஒரு தடவை வந்து பாரு" என்று சொல்லி, மேஸ்திரியிடமும் பேசி வைத்திருந்தார். நான் போனபோது திண்ணையும் ரேழியும் மிச்சம் இருந்தன. கதவு, ஜன்னல், வாசக்கால் எல்லாம் ஏற்கெனவே வண்டியேறிவிட்டன. வேலை மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தது.

அது மெட்ராஸ் டெரஸ். கம்பி கட்டிய கான்கிரீட் பரவும் முன் இந்த ஊரில் எழுந்த மாடி வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கூரைதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம் பரப்பி, அதன் மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைக் குத்துவசமாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதை நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். தளத்தில் ஒரு துண்டு இரும்புக் கம்பி கிடையாது.

இறக்கும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. தட்டோட்டைப் பெயர்த்து, காரையைக் கொத்தி, செங்கலைத் தட்டிவிட்டால் அது அடுக்கடுக்காகக் கீழ் அறைக்குள் கொட்டுகிறது. அதற்குப் பிறகு நிற்க இடம் உத்திரம் மட்டும்தான். ஒன்றரை அடிக்கு ஓர் உத்திரம்; ஒன்றில் ஒரு கால், அடுத்ததில் மறு கால். அப்படி நின்றபடியே கடப்பாரை போட்டார்கள். தலைக்கவசம் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, காலில் ரப்பர் செருப்பு. எனக்கு வயிறு கலங்கியது.

அந்தக் குழுவில் மூத்தவர் செஞ்சிப் பக்கத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். அவர் கடப்பாரை, நுனி தேய்ந்து தேய்ந்து மற்றவர்களுடையதைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தது. கொல்லரிடம் கொடுத்து அடித்துத் தீட்டி வாங்குவாராம், புதிதாக மாற்ற மாட்டாராம். ஒவ்வோர் உத்திரத்தையும் எடுக்கும் முன் அதன் நடுவிலும், பிறகு சுவருக்குள் புகும் இரண்டு முனையிலும் கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டினார். "கணீர்னு கேட்டா கட்டை நல்லாருக்கு தம்பி. பொத்துனு கேட்டா செவுத்துக்குள்ள செல்லு தின்னுட்டுது. அதுல கால வைக்கக் கூடாது." அறை நடுவில் பளபளவென்று இருக்கும் மரம் சுவருக்குள் ஓர் அடி மக்கிப் போயிருக்கலாம். ஈரம் அங்கேதான் தேங்கும்.

முனையை அறுத்துவிட்டால் வேலை சுலபம், ஆனால் நீளம் குறைந்தால் விலை போய்விடும். ஆகவே சுவரில் உத்திரம் அமர்ந்திருக்கும் பொந்தைச் சுற்றிச் செங்கலைச் சிறுகச் சிறுக எடுத்து, கயிறு கட்டி, ஒரு முனையைத் தூக்கி மறுமுனையை உருவுகிறார்கள். அப்படி உருவிய ஒன்றின் முனையில் உளியால் வெட்டிய நான்கு கோடுகள் இருந்தன. பக்கத்து உத்திரத்தில் ஐந்து. கட்டிய தச்சர் வரிசை தப்பாமலிருக்க வெட்டி வைத்தவை. சுவருக்குள் போய்விட்டதால் வீட்டுக்காரர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியவர் பதினைந்து வயதில், மழை பொய்த்த வருஷத்தில், சித்தப்பாவோடு பட்டணம் வந்தவர். முதலில் மண் சுமந்தார், பிறகு கொத்தனாருக்குக் கையாள். தி.நகரில் அடுக்குமாடி வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலம் அது. ஒரு சாரம் சரிந்து கணுக்கால் உடைந்தது. சுமை தூக்க முடியாமல் போனதும் இடிப்பு வேலைக்கு வந்தார். இங்கே கூலி அன்றன்றைக்குக் கைக்கு வரும் என்பதுதான் காரணம். போன வருஷம் அவர் இறக்கிய கட்டடங்களில் ஒன்று, இளம் வயதில் அவரே மண் சுமந்து எழுப்பியது. "தூக்கிட்டுப் போன படிக்கட்டையே உடைச்சேன்" என்றார்.

அப்படிப்பட்ட வேலைகள் இனி பெருகும். அடுக்குமாடியைப் புதிதாகக் கட்ட முன்பு எல்லா உரிமையாளரும் ஒப்ப வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் போதும். தனி வீட்டுக்கோ கணக்கு இன்னும் எளிது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. 2019இல் வந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக்கின. 3600 சதுர அடி கட்டலாம் என்றிருந்த மனையில் இப்போது 4800. ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியில் முற்றமும் கிணறுமாக நிற்கும் வீடு இந்தக் கணக்கில் எத்தனை நாள் தாங்கும்?

இனி நான் பொறுமையாக எழுத முடியாத இடம். பழைய வீட்டை இடிக்க உரிமையாளர் பணம் கொடுப்பதில்லை. தேக்கு இருந்தால் இடிப்பு ஒப்பந்தக்காரர்தான் அவருக்குக் கொடுக்கிறார். பழைய பர்மா தேக்கு கன அடி சில ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு அடி நீளம், ஆறங்குலம், மூன்றங்குலம் உள்ள உத்திரம் ஒன்றரை கன அடி வரும். பெரியவரின் நாள் கூலி 900 ரூபாய். அவர் உயிரைக் கையில் பிடித்து முழு நீளத்தில் உருவிய ஒரே கட்டை, அவருடைய நான்கைந்து நாள் கூலிக்கு மேல். அறுக்காமல் எடுத்ததற்குத் தனியாக ஒரு ரூபாய் உண்டா? கிடையாது. கீழே இரண்டு பெண்கள் செங்கலில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டி அடுக்குகிறார்கள். சிமெண்டில் கட்டியிருந்தால் கல் உடையும். சுண்ணாம்பு விட்டுக்கொடுப்பதால் முழுதாக வந்து மறுபடி விலை போகிறது. அவர்களுக்குக் கூலி, ஆண்கள் வாங்குவதில் பாதியைச் சற்றே தாண்டும். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே இடிப்பு வேலையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. எழப்போகும் கட்டடத்தின் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. அங்கே நான் கேட்ட ஒருவரிடமும் நலவாரிய அட்டை இல்லை. மரத்துக்கு விலை தெரிந்தவருக்கு, அதன் மேல் நிற்கிறவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியத்தான் வேண்டும். 2017இல் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் எரிந்தபோது நகரமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தது. அந்தக் கட்டடத்தை இடிக்கையில் ஓர் இளம் தொழிலாளி செத்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

மயிலாப்பூரில் கைவேலை மிஞ்சியிருப்பதற்குக் காரணம் பழமைப் பாசம் அல்ல. சந்துக்குள் ஜேசிபி திரும்பாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இயந்திரம் அதிர்ந்தால் அடுத்த வீட்டுப் பூஜையறை விரிசல் விடும். பொதுச் சுவரை மட்டும் பெரியவர் யாரிடமும் விடுவதில்லை. வரிசை வரிசையாக, மேலிருந்து, தன் கையால்தான். அடையாற்று மனைகளில் அந்த இடைஞ்சல் இல்லை. அங்கே ஜா கட்டர் தளத்தைக் கடித்து நொறுக்குகிறது. கலந்து குவியும் அந்த ரப்பிஷைப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ள மாநகராட்சி ஆலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே நின்ற லாரி ஓட்டுநர், பள்ளமான மனை ஒன்றை நிரப்பப் போவதாகச் சொன்னார்.

முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு முதலானவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். "நம்பர் போட்டு எறக்கச் சொன்னா எறக்கித் தருவோம். எந்தக் கட்ட எந்தப் பொந்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே."

இந்த வேலை இன்னும் பத்து நாளில் முடியும். அடுத்தது இந்திரா நகரில், கான்கிரீட் வீடு. இயந்திரம் இரண்டே நாளில் முடித்துவிடுமாம். தூசி எழாமலிருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அங்கே அவருக்கு வேலை. கூலி 700.