நூறு கஜ தூரம்

ரோண்டா பள்ளத்தாக்கு, வேல்ஸ்

அன்பு மிக்க நண்பருக்கு,

தங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அக்காவின் சுவாசகோசத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டதென்றும், மருந்தினால் அதை அடக்கி வைக்கலாமேயன்றி வேரோடு களைய இயலாதென்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களென்றும், அது முதல் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அக்காவைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், குடிக்கிற தண்ணீரைக்கூட வாயருகே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறீர்களென்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துத் தங்கள் குடும்பத்தாரின் வாஞ்சையை மெச்சினேன். ஆனால் கடிதத்தின் ஓரத்தில், பிறகு ஞாபகம் வந்து சேர்த்ததைப் போல், "தலை பின்னிக்கொள்ளவே மூச்சு வாங்குகிறது, இனி நான் எங்கே நடக்கப்போகிறேன் என்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் இரண்டு நாள் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. அதற்குப் பதிலாகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போனது. மலைச்சரிவில் தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடுகள். தெருவென்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமாகிய மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. என் அண்டை வீட்டுக்காரர் 16ஆம் வயதில் அதற்குள் இறங்கி, அது மூடப்பட்டபோதுதான் கடைசியாக மேலே ஏறியவர். இவ்வூர்க்காரர்கள் தோழனைப் 'பட்டி' என்று விளிப்பார்கள். நிலத்தடியில் கூடவே நின்று கரி வெட்டிய கூட்டாளிக்கு வழங்கிய பெயர் அது. நமக்கோ பட்டியென்றால் ஆடுமாடு அடைக்கிற இடம். முதன்முதலில் அவர் என்னை அவ்வாறு கூப்பிட்டபோது எனக்குச் சற்று ரோஷம் வந்தது உண்மை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கும் அக்காவுக்கு வந்த நோயே வந்தது. கண்டுபிடித்தபோதே நான்காம் கட்டம். தேகத்தின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் புதிய மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்த நாளத்தின் வழியே ஏற்றுகிறார்கள். அது அவர் விஷயத்தில் ஓரளவு வேலை செய்கிறது. ஆனால் மூச்சு? குளியலறைக்குப் போய் வந்தாலே இரைக்கும். அவருடைய மனைவி, மகாலட்சுமி போன்ற அம்மாள், அவரை ஜன்னலோரத்து நாற்காலியில் அமர்த்தி, மேஜோடு முதல் தேநீர் வரை சகலத்தையும் கைக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் அவருடைய தொடைகள் மெலிந்து, கால்சராய் இடுப்பில் நில்லாமல், கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. மூச்சோ முன்னிலும் மோசமாயிற்று. அசையாமல் இருந்தால் மூச்சு மிச்சமாகும் என்று நாம் போடும் கணக்கு எங்கே பிழைத்ததென்பதை அவரைப் பார்த்துத்தான் நான் அறிந்துகொண்டேன்.

இங்கே சுவாச மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு வாரம். இவ்வகுப்புகள் பெரும்பாலும் புகையினாலும் தூசினாலும் நெடுநாளாக மூச்சடைப்புற்றவர்களுக்கென்றே ஏற்பட்டவையாதலால், முற்றிய புற்றுநோய் என்றதும் கதவு பாதிதான் திறக்கிறது. இவருடைய முதல் விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு, ஆயுள் முழுதும் சுவாசித்த கரித்தூசும் சிகரெட்டுமாகச் சேர்ந்து அவருக்கு அந்த மூச்சடைப்பு நோயையும் உண்டாக்கி வைத்திருப்பது தெரியவந்து, அந்தச் சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்தார். கரித்தூசு அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

கார் ஓட்டுகிறவன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பைசா பைசாவாகப் பிடித்துக்கொடுத்துக் கட்டிய பழைய மண்டபம். தரையில் இரண்டு கூம்புகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றிப் பத்து மீட்டர் பாதையில், ஒலிப்பெட்டி 'பீப்' என்று சொல்லும்போதெல்லாம் மறுமுனையை எட்டிவிடும்படி நடக்கச் சொன்னார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் ஒலி விரைந்துகொண்டே போகும். 1992இல் லெஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இது. நம்மவர் 110 மீட்டரில் நின்று, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். விரலில் மாட்டியிருந்த சிறு கருவியோ, இரத்தத்தில் பிராணவாயு 95 என்று, ஒன்றுமே நடக்காததைப் போல் காட்டியது. அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது: வாயு போதிய அளவு இருக்கையில் மனிதர் ஏன் இப்படித் தவிக்கிறார்?

விடை கால்களில் இருந்தது. 1907இல் கேம்பிரிட்ஜில் வால்டர் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை ஆராய்ந்து, பிராணவாயு போதாமல் உழைக்கிற தசையில் லாக்டிக் அமிலம் திரளுகிறதென்றும், வாயு கிடைத்தவுடன் அது குறைகிறதென்றும் நிலைநாட்டினார்கள். உபயோகமில்லாமல் கிடந்து சூம்பிய தசை, வந்த வாயுவைப் பயன்படுத்தத் தெரியாமல், நாலு எட்டு வைப்பதற்குள்ளேயே இந்த அமிலத்தைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது; அமிலத்தைச் சமன்செய்யும்போது உண்டாகும் கரியமிலவாயுவை வெளியேற்றும் பாரம் முழுதும் ஏற்கெனவே நோயுற்ற நுரையீரலின் தலையில் வந்து விழுகிறது. மூச்சு வாங்குகிறதென்று உட்காருகிறோம். உட்கார உட்காரக் கால் நலிகிறது. கால் நலிய நலிய அடுத்த முறை எழும்போது மூச்சு இன்னும் சீக்கிரமாக வாங்குகிறது. பயிற்சியினால் நுரையீரலில் எள்ளளவும் மாறுதல் இல்லை. கட்டி கட்டியாகத்தான் இருக்கிறது. தொடையும் கெண்டைக்காலும் தேறி, நுரையீரலிடம் கேட்கிற கடனைக் குறைத்துக்கொள்கின்றன, அவ்வளவே.

அந்த வால்டர் ஃப்ளெட்சரின் மகன் சார்லஸ், 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் நோய் தீர்க்கும் பொருட்டுப் பெனிசிலினை முதன்முதலாக ஒரு மனிதனுக்குச் செலுத்திய இளம் வைத்தியர். யுத்தம் முடிந்ததும் இந்தப் பக்கம் வந்து, கார்டிஃப் அருகே சுரங்கத் தொழிலாளர்களின் தூசு நோயை ஆராயும் நிலையத்துக்கு முதல் தலைவரானார். தொழிலாளியிடம் போய் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், ஒருவன் இல்லையென்பான், ஒருவன் ஆமென்பான், இரண்டும் உபயோகப்படாது, ஆகையால் அவர் கேள்வியை மாற்றினார். அவசரமாக நடந்தால் வாங்குகிறதா, சமதரையில் ஒத்த வயதுக்காரருடன் சேர்ந்து நடக்க முடிகிறதா, நூறு கஜம் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா, உடுத்திக் களையும்போதே இரைக்கிறதா என்று ஐந்து படிகளாக வகுத்த அந்த அளவுகோலைத்தான் இன்றும் உலகமெங்கும் வைத்தியர்கள் கையாளுகிறார்கள். எங்கள் நண்பர் நான்காம் படி, அதாவது நூறு கஜக்காரர். அக்கா ஐந்தாம் படியில் இருக்கிறாளென்று தங்கள் கடிதம் எனக்குச் சொல்லிற்று. தகப்பனார் தசையில் கண்டதையும் மகன் தெருவில் கண்டதையும் சேர்த்து வைத்தால் இந்தப் பயிற்சியின் சாஸ்திரம் ஏறக்குறைய முழுதும் வந்துவிடுகிறதென்பது என் சொந்த அபிப்பிராயம், வைத்தியர்கள் மறுக்கக்கூடும்.

வகுப்பில் நடந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. இருந்த இடத்திலேயே மிதிவண்டி மிதிப்பது. சிரமப்படும் காரியத்தைச் செய்கிற கணத்தில் மூச்சை அடக்காமல், உதட்டைக் குவித்து ஊதியபடியே செய்யவேண்டும். சுவரில் 0 முதல் 10 வரை எண்ணிட்ட அட்டை ஒன்று தொங்கும். ஸ்வீடன் தேசத்து உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது. மூச்சுத்திணறல் மூன்றிலோ நான்கிலோ இருக்கும்படி உழைக்கவேண்டும்; அதற்குக் கீழே பிரயோஜனமில்லை, மிக மேலே போனால் மறுநாள் வரமாட்டார்கள். பயிற்சி தரும் பெண் "இப்போது எத்தனை?" என்று கேட்கும்போதெல்லாம், நெற்றியில் வியர்வை வழிய, வாய் திறந்து திறந்து மூட, நம்மவர் "இரண்டு" என்பார். சுரங்கக்காரர்கள் இரண்டுக்கு மேல் ஒப்புக்கொண்டதைத் தான் கண்டதில்லை என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று தாங்கள் கேட்பீர்கள். 2019இல், மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் கொக்ரேன் நிறுவனம், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்க்கு உடற்பயிற்சி அளித்த 6 ஆய்வுகளை, மொத்தம் 221 பேர், ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிஷத்தில் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய 63 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். எங்கள் தெருக் கணக்கில் அது சுமார் 14 வீட்டு வாசல். ஆய்வுகள் சிறியவை, உறுதி குறைவு என்பதைத் தொகுத்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆயுள் நீண்டதென்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் இருந்த ஏழு பேரில் ஒருவர் நடுவில் மருத்துவமனைக்குப் போனார். இன்னொருவர் போயே போய்விட்டார்.

அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆர்ச்சி கொக்ரேனும் ஃப்ளெட்சரின் நிலையத்தில் வேலை செய்தவரே. இந்த ரோண்டாவில் வீடு வீடாக ஆட்களைத் திரட்டி எக்ஸ்ரே எடுத்தவர். என் அண்டை வீட்டுக்காரரின் தகப்பனாரும் அதற்காகச் சட்டையைக் கழற்றி நின்றவர்தாமாம். கொக்ரேன் யுத்தகாலத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தபோது, ஒரு நள்ளிரவில் சுவாசகோசம் மிகவும் சிதைந்த ருஷ்ய இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்களாம். அவன் ஓலம் நோயாளர் கூடத்தை எழுப்பிவிடாதபடி அவனைத் தம் அறையிலேயே கிடத்தினார். நோவை அடக்க மார்ஃபியா இல்லை, இவருக்கு ருஷ்ய மொழியும் அதிகம் தெரியாது. செய்வதறியாமல் கட்டிலில் அமர்ந்து அவனை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். ஓலம் உடனே அடங்கியது. சில மணி நேரத்தில் அவன் அமைதியாக இறந்துபோனான். நோவென்று தாம் கருதியது தனிமையாக இருந்ததென்று பின்னாளில் எழுதிவைத்தார். ஆதாரம் ஆதாரம் என்று ஆயுளெல்லாம் கேட்ட மனிதர் இதையும் மறைக்காமல் எழுதினாரென்பதற்காகவே எனக்கு அவரிடம் மதிப்பு அதிகம்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம், மூச்சுத்திணறலில் பாதி பயம் என்பதே. பயந்தவுடன் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது. அது மேலும் பயத்தைத் தருகிறது. அதற்கு இவர்கள் கொடுக்கும் ஆயுதம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு மின்கல விசிறி. முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் காற்றுப்படச் செய்தால், முகத்து நரம்பு அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்லி, மூச்சுக்குத் தவிக்கும் உணர்ச்சி தணிகிறது. நம் வீட்டில் பனையோலை விசிறி இருக்கிறதே என்பீர்கள். நல்லதுதான், ஆனால் வீசுகிறவர் வேறொருவராக இருக்கவேண்டும். கையை ஆட்டுவதே மூச்சைத் தின்னும். அக்காவுக்குத் தலை பின்னும்போது இரைப்பதற்கும் காரணம் இதுவே: கைகளைத் தூக்கி வைத்திருக்கும்போது, மூச்சிழுக்கத் துணைசெய்யும் தோள் கழுத்துத் தசைகள் அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. முழங்கைகளை மேஜைமேல் ஊன்றி, முன்னால் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, பாதி பின்னி, நிறுத்தி, ஊதி, மீதியைப் பின்னச் சொல்லுங்கள். தாங்கள் பின்னிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும். வைத்தியரைக் கேளாமல் எதையும் தொடங்கவேண்டாம். நோய் முதுகெலும்பிலோ தொடையெலும்பிலோ பரவியிருந்தால் பாரம் தாங்காமல் எலும்பு முறியக்கூடும். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம், இரத்தம் குறைந்திருக்கலாம், நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் தனித்தனியே பரிகாரம் உண்டு. அவற்றைச் செய்யாமல் நடக்கச் சொல்வது கொடுமை. திடீரென்று மூச்சு மோசமானாலும் நெஞ்சு வலித்தாலும் அது பயிற்சிக்குரிய நாளன்று.

எட்டாம் வார முடிவில் நம்மவர் 160 மீட்டர் நடந்தார். தெருக்கோடியில், மேட்டுக்கு மேல், அவர் லீக் என்னும் வெங்காயத்தாளைப் போன்ற செடியைப் பயிரிடும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நூறு கஜத்துக்குச் சற்றுக் கூடுதல். சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகவேண்டுமென்றார். விளக்குக் கம்பத்தருகே ஒன்று, யாரோ ஒருவர் வீட்டு மதிற்சுவரில் முழங்கைகளை ஊன்றி ஒன்று, நிலத்தின் படலருகே ஒன்று, ஆக மூன்று இடத்தில் நின்றார். படலருகே விசிறியை எடுத்துப் பிடித்துக்கொண்டு, காற்றை மறைக்காமல் தள்ளி நில் பட்டி என்று என்னை அதட்டினார். மேலே போய்ச் சேர இருபது நிமிஷமாயிற்று. களை மண்டிக் கிடந்தது. குனிந்தால் திரும்ப நிமிர மூச்சு வேண்டுமாகையால் அவர் கையால் காட்ட, நான் ஒரு லீக்கைப் பிடுங்கினேன். அவர் அதை வாங்கி, வேர்மண்ணைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, இதற்கு எப்போதோ மண் அணைத்திருக்க வேண்டும், அடுத்த ஞாயிறு மண்வெட்டியை நீ எடுத்து வா என்றார்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து தாழ்வாரம் வரை எத்தனை எட்டு, தாழ்வாரத்திலிருந்து துளசி மாடம் வரை எத்தனை எட்டு, நடுவில் உட்கார எங்கெங்கே நாற்காலி போடலாம் என்று அளந்து மறுதபாலில் எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
கடல் கடந்த நண்பன்