முத்திரையும் உழைப்பும்

பழமைக்கு விலை ஏற்பட்ட நாளிலேயே போலிப் பழமையும் பிறந்துவிட்டது. நாணயம், செப்புச் சிலை, ஓவியம், ஏடு என எதை எடுத்தாலும் கதை இதுவே. ஒரு பொருளுக்கு அதன் பயனால் வரும் விலை வேறு. அதன்மேல் ஏறியிருக்கும் பெயரால் வரும் விலை வேறு. இரண்டாவது விலை முதலாவதைக் காட்டிலும் பன்மடங்கு பெருகும்பொழுது, பெயரை மட்டும் செய்து விற்கும் தொழிலும் பெருகுதல் இயல்பே. இன்று அத்தொழில் இணையவழி ஏலங்களிலே செழித்து வளர்கின்றது. அங்கே பொருளைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்க வழியில்லை. நாலைந்து படங்களும் விற்போனின் வாய்ச்சொல்லுமே சாட்சி.

என்னோடு பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்த நண்பரொருவர் சில ஆண்டுகளாக இலண்டனில் வாழ்கின்றார். எங்கள் தலைமுறை துவக்கின் ஓசையிலே பிறந்து வளர்ந்த தலைமுறை. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபொழுது நாங்கள் பாடசாலையை விட்டு வெளியேறியிருந்த இளைஞர்கள். அப்படிப்பட்டவர் பழைய இராணுவத் துப்பாக்கியொன்றை வாங்கிச் சுவரிலே மாட்டப்போவதாக எழுதியபொழுது எனக்கு வியப்பாயிருந்தது. “இது சுடுகிற துவக்கு அல்ல, சரித்திரம்” என்று விளக்கமும் தந்திருந்தார். பொருள் கைக்கு வந்த பின்னர் அவருக்கு ஐயம் பிறந்தது. படங்கள் பலவற்றை எனக்கு அனுப்பி, “நீர் ஏட்டுச் சுவடிகளிலே பிழை தேடிப் பழகியவர். இந்த இரும்பையும் ஒருக்கால் வாசித்துப் பாரும்” என்று கேட்டார்.

விற்றவர் அதனை மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கி என்றும், 1880ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்து மைவந்த் போர்க்களத்திலே பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்றும் வருணித்திருந்தார். கதையிலே பொருத்தம் இல்லாமலில்லை. 1871ஆம் ஆண்டு பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. மைவந்திலே அப்படை தோல்வியுற்றதும் உண்மை. அங்கே அழிந்த 66ஆம் படைப்பிரிவின் கைகளில் இருந்தது அத்துப்பாக்கியே என்பதும் உண்மை. நல்ல பொய் எப்பொழுதும் ஓர் உண்மையின் தோளிலே ஏறித்தான் வருகின்றது.

ஆனால் இரும்பு வேறு கதை சொல்லிற்று. பக்கவாட்டிலே முடி, அதன்கீழ் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் ‘வி. ஆர்.’ என்னும் எழுத்துக்கள், ‘என்பீல்ட்’ என்னும் தொழிற்சாலைப் பெயர், 1878 என்னும் ஆண்டு, இறுதியாக நான்காம் வகை என்பதைக் காட்டும் உரோம இலக்கம் ஆகியவை வரிசையாக இருந்தன. ‘என்’ எழுத்தின் சாய்கோடு திசை மாறிக் கிடந்தது. நான்காம் வகைத் துப்பாக்கியோ 1880களின் பிற்பகுதியிலேயே வெளிவந்தது. பிறக்காத பிள்ளைக்கு யாரோ சாதகம் எழுதிவைத்திருக்கிறார்கள்! இதனிலும் வெளிப்படையான பிழைகளும் இவ்வகைத் துப்பாக்கிகளிலே உண்டு. மகாராணி இறந்தது 1901ஆம் ஆண்டு சனவரியில். அதன் பின்னர் வந்த ஆண்டுகளைத் தாங்கிக்கொண்டும் அவர் பெயரெழுத்தோடு துப்பாக்கிகள் விற்பனைக்கு வருகின்றன.

எழுத்து மட்டுமன்று, எழுத்து பதிந்த விதமும் சாட்சி சொல்லும். தொழிற்சாலையிலே உருக்கு அச்சினால் ஒரே அடியாக அடித்த எழுத்துக்கு ஆழமும் அளவும் சீராயிருக்கும். உளியினாற் கொத்திய எழுத்தோ கோட்டுக்குக் கோடு வேறுபடும். இயந்திரத்தாற் கடைந்த பரப்பிலே அரத்தின் கீறல்கள் இரா. குழலின் உட்புறத்திலே ஏழு முறுக்கு வரிகள் தெளிவாயிருத்தல் வேண்டும்; போலியிலே அவை ஆழங்குன்றிக் கோணியிருத்தல் உண்டு. தேய்வும் ஒரு சாட்சியே. மெய்யான தேய்வு கை பட்ட இடத்திலே மிகும், படாத இடத்திலே குறையும். வேண்டுமென்று ஏற்றிய துரு எங்கும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்தபொழுது என் தொழிலே எனக்கு நினைவு வந்தது. ஏட்டிலே புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவிலே தெளிவாக்கிய சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் செய்தது. ஆகவே ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையதென்று ஒருவர் நீட்டும் ஏட்டிலே அவ்வேறுபாடு தெளிவாய்க் காணப்படுமானால், படிப்பதற்கு முன்னரே ஐயுற வேண்டும். பொருள் அறியாமற் பிரதி செய்பவன் எழுத்தை எழுத்தாக எழுதுவதில்லை, படமாக வரைகின்றான். திசை மாறிய அந்த ‘என்’ எழுத்தும் அப்படி வரையப்பட்ட படமே. அதைச் செதுக்கியவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் உலோகம் தெரியும்.

அவன் யார்? பாகிஸ்தானத்திலே பெசாவர் நகருக்குத் தெற்கே தாரா ஆதம் கேல் என்னும் ஊர் உண்டு. அங்கும் கைபர் மலைப்புறத்தின் பிற இடங்களிலும் பத்தான் கம்மியர்கள் சிறு பட்டறைகளிலே, பழைய இரும்பையும் கைக்கருவிகளையும் கொண்டு, ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பிரதி செய்து வந்திருக்கிறார்கள். இத்தொழில் விளையாட்டாகத் தோன்றியதன்று. 1857இன் கிளர்ச்சிக்குப் பின்னர், ஏகாதிபத்தியம் தன் வெள்ளைச் சிப்பாய்க்குப் புதிய துப்பாக்கியையும் இந்தியச் சிப்பாய்க்கு அதற்கு முந்திய பழைய துப்பாக்கியையும் கொடுத்து வந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு அனுமதிப்பத்திரம் விதித்து ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. எல்லைப்புற மக்களோ அதே அரசோடு மீண்டும் மீண்டும் பொருதியவர்கள். 1897இல் அப்ரீதிகள் எழுந்தபொழுது திரா மலைநாட்டின்மீது பெரும்படையே ஏவப்பட்டது. எதிரியின் கையிலுள்ள நல்ல கருவியைத் தன் கையாலே செய்துகொள்ள முயன்றவனைக் கள்ளன் என்று மட்டும் அழைத்தால் சரித்திரம் நம்மைப் பார்த்து நகைக்கும்.

அன்று அந்தத் துப்பாக்கியை வாங்கிய மலைவாசிக்கு அது எங்கே செய்யப்பட்டதென்று தெரியும். மகாராணியின் முடி அவனுக்கு ஓர் அலங்காரம். மிஞ்சினால் தரத்தின் அடையாளம். அங்கே ஏமாற்றுவோருமில்லை, ஏமாந்தோருமில்லை. 2001ஆம் ஆண்டின் பின்னர் அந்நியப் படைகள் ஆப்கானிஸ்தானத்திலே தங்கியிருந்த காலத்திலே, சிப்பாய்கள் கடைத்தெருவிற் கண்டதை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றார்கள். அவர்களுக்கென்றே பழமை பூசியவையும் அவற்றிலே இருந்தன. அமெரிக்கச் சட்டப்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருளாகும். ஆகவே பொய்யாக வெட்டிய ஓர் ஆண்டு விலையை மட்டுமன்றிச் சட்டத்தின் பார்வையையும் மாற்றிவிடுகின்றது. கம்மியன் வெட்டிய ஆண்டைக் காசாக மாற்றும் வேலையைக் கடல் கடந்த வியாபாரியே நிறைவேற்றினான்.

இன்னொரு நாட்டின் கதையையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். நேபாளத்திலே கேந்திர சம்சேர் ராணா என்னும் தளபதி 1880களில் மார்ட்டினியை ஒத்த துப்பாக்கியொன்றை வகுத்து உள்நாட்டிலேயே செய்வித்தார். அதுவும் பெரும்பாலும் கைவேலையே. ஆனால் அதன்மேற் பொறித்தது தேவநாகரி எழுத்து. விக்டோரியாவின் முடி அன்று. 2003ஆம் ஆண்டளவிலே கத்மண்டுவின் பழைய ஆயுதக் களஞ்சியம் அமெரிக்க வியாபாரிகளுக்கு விற்கப்பட்டபொழுது அத்துப்பாக்கிகளும் வெளியுலகைக் கண்டன. இன்று சேகரிப்போர் அவற்றைக் கேந்திரா என்னும் அவற்றின் சொந்தப் பெயராலேயே தேடி வாங்குகின்றனர். இரண்டும் கையாற் செய்தவை. ஒன்று தன் பெயரோடு நிற்கின்றது, மற்றது அரசியின் பெயருக்குள்ளே ஒளிந்து நிற்கின்றது.

என் முடிபை நண்பருக்கு எழுதினேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். “வாங்கிய வருணனையோடே மீண்டும் ஏலத்திற் போடப்போகின்றேன். நான் ஏமாந்தேன், அடுத்தவனும் ஏமாறட்டும்” என்று நண்பர் எழுதினார். நான் அதற்கு இணங்கவில்லை. பழைய துப்பாக்கிகளுக்கெனத் தோட்டாவைத் தாமே செய்து சுட்டுப் பார்ப்போர் மேலைநாடுகளிலே உண்டு. பழைய இரும்பாற் செய்த குழல் அந்த வெடியைத் தாங்காது பிளந்தால், போவது ஒருவனுடைய கண்ணோ கையோ. “துவக்காற் போன கையும் கண்ணும் எங்கள் ஊரிலே எத்தனை என்பது உமக்குத் தெரியாததா?” என்று கேட்டெழுதினேன். பத்து நாள் மறுமொழி இல்லை. பின்னர் ஒரு வரி வந்தது: உள்ளதை உள்ளபடி எழுதி விற்றுவிட்டாராம், போட்ட பணத்தில் மூன்றிலொரு பங்கே திரும்பியதாம். வாங்கியவர் கைபர்க் கைவேலையையே விரும்பிச் சேர்ப்பவர் என்றும் குறிப்பிட்டிருந்தார்.

அவர் இழந்த பணம் சிறிதன்று. மாதச் சம்பளக்காரரான நமக்கு அதன் கனம் தெரியும். ஆயினும் அந்தப் பொய் அவரோடு நின்றது.

நம் மாணவருக்கு நாம் பாட ஆராய்ச்சி கற்பிக்கின்றோம். எந்தச் சொல் மூலபாடம், எது இடைச்செருகல் என்று கேட்கப் பழக்குகின்றோம். அக்கேள்வியை ஏட்டோடு நிறுத்திவிடுதல் கூடாது. முத்திரையை எங்கே கண்டாலும் மூன்று கேள்விகள் எழவேண்டும்: இதைச் செய்த கை எது? இதன்மேற் பெயரைப் பொறிக்கச் செய்த தேவை எது? அந்தப் பெயரால் இலாபமடைந்தவர் யார்? முதற் கேள்வியை மட்டும் கேட்பவன் நல்ல நிபுணன் ஆவான். மூன்றையும் கேட்பவனுக்கே, முடியின் கீழே மறைந்துகிடக்கும் அந்தப் பெயரில்லாத கம்மியனின் முகம் தெரியும்.