தாழம்பூவும் ஒரு ஃபிளாஷ் விளக்கும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை அடி அண்ணாமலையில் நிற்பவர்கள் ஆண்டுதோறும் ஒரு வேடிக்கையைக் காணலாம். 2,668 அடி உயரத்து மலையுச்சியில் தீபம் தெரிந்த கணத்தில் ‘அரோகரா’ முழக்கத்தோடு ஆயிரக்கணக்கான கைகள் உயரும். கைகளில் செல்பேசிகள். அவற்றிற் பலவற்றில் ஃபிளாஷ் வேறு பளிச்சிடும். கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் உச்சியை நோக்கிப் புறப்பட்ட அந்த வெளிச்சம், முன்னால் நிற்பவரின் பிடரியையும் அவர் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தையின் முதுகையும் துலக்கிவிட்டு அணைந்துபோகும். மலைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஃபிளாஷ் என்பதைப் பளிச்சொளி என்றோ மின்வெட்டொளி என்றோ எழுதத் தமிழ் படித்த நமக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த ஸ்டூடியோவிலும் எவரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் ஃபிளாஷ் என்றே எழுதுவோம்.

இரண்டு வகை விளக்குகள் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. ஒன்று, நாம் பார்ப்பதற்காக ஏற்றப்படுவது. மற்றொன்று, பிறிதொன்றை நாம் பார்ப்பதற்காக ஏற்றப்படுவது. மலைமேல் எரிவது முதல் வகை. ஃபிளாஷ் இரண்டாம் வகை. கண் இமைக்குமுன் பிறந்து மடியும் அந்த வெளிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. அது காட்டியதை மட்டுமே பார்க்கிறோம். இந்த இரண்டாம் வகை விளக்கை ஒருவர் தம் தலைமேல் பொருத்திக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். விந்தையான பொருள்தான். ஆனால் அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் அது சென்ற ஆண்டு முழுதும் பேச்சாக இருந்தது.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர். படிக்கும்போதே கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னர் வளைகுடா நாடொன்றுக்குப் போனார். வான்குதிப்பு நடத்தும் இடமொன்றில் படங்களைத் திருத்தும் வேலை கிடைத்தது. அங்கேயே குதிக்கவும் கற்றுக்கொண்டார். காமிரா இல்லாமல் இருநூறு முறையாவது குதித்த பிறகே காமிராவோடு குதிக்கலாம் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. அதைக் கடந்து, இப்போது அவருக்குப் படம் எடுப்பதே தொழில். அவருடைய அம்மா ஊரில் பூக்கட்டி விற்கிறார்.

வானத்தில் விழுவோரைப் படம் எடுப்பது புதிய செய்தியன்று. 1969-இல் வெளிவந்த ‘தி ஜிப்ஸி மாத்ஸ்’ திரைப்படத்துக்குக் கார்ல் பேனிஷ் என்பவர் தாமும் உடன் விழுந்தே வான்காட்சிகளை எடுத்தார். நம் நாட்டில் 1890-இல் கல்கத்தாவில் ராம்சந்திர சட்டர்ஜி பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கியிருக்கிறார். 2004-இல் ஷீத்தல் மகாஜன் வட துருவத்தில் குதித்தார். குதித்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கூடவே விழுந்து படம் எடுத்தவர் யார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

மாணவர் நமக்கு அந்த உயரத்தை ஊர்க் கணக்கிலேயே விளக்கினார். தரையிலிருந்து நம் மலை ஏறத்தாழ 640 மீட்டர். அதுபோல் ஆறு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருவது 13,000 அடி, அங்கிருந்துதான் குதிக்கிறார்கள். விழும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு மலையைக் கடக்கப் பன்னிரண்டு நொடி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை அந்த வேகத்தில் சுற்றினால் நான்கேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். மலை ஒன்றரை இருக்கும்போது அவர் பாராசூட்டை விரித்தாக வேண்டும். எதுவும் விரியாமல் விழுந்துகொண்டே இருந்தால், மலையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது ஒரு சிறு கருவி தானாகவே மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும். 1991-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ‘சைப்ரஸ்’ என்ற கருவியால் அந்தக் காவல் பரவலாயிற்று. ஆக, அவருக்குப் படம் எடுக்கக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

அந்த ஒரு நிமிடத்தில் கைகள் சிறகுகளாக வேண்டும். காமிராவைப் பிடிக்க அவற்றுக்கு ஓய்வில்லை. ஆகவே காமிரா ஹெல்மெட்டில். கண்ணுக்கு முன்னால் சிறு வளையம் ஒன்று. அதற்குள் ஆள் தெரிந்தால் படத்துக்குள்ளும் ஆள் இருப்பார். பற்களுக்கிடையே ஒரு பொத்தான். கடித்தால் படம் விழும். பல்லால் படம் எடுக்கும் கலை என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், சொல்லியும் பார்த்தோம்.

இதில் ஃபிளாஷ் எதற்கு? வானத்தில் இல்லாத வெயிலா? அங்கேதான் சிக்கல். சூரியன் மேலே; விழுகிறவரின் முகமோ கீழே. முதன்முறை குதிப்பவரைப் பயிற்றுநர் தம் மார்போடு கட்டிக்கொண்டு விழும்போது, அவர் முதுகு வெயிலிலும் முகம் நிழலிலும் இருக்கும். பின்னால் வானம் பளீரென்று இருப்பதால் படத்தில் முகம் கரிப்பிடித்த சட்டியாக வந்துவிடும். அந்த முகத்துக்காகத்தான் அவர் பணம் கொடுத்திருக்கிறார். அச்சம் மகிழ்ச்சியாக மாறும் அந்தத் திருப்பம் வாழ்நாளில் ஒரு முறைதான் வரும்.

ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பத் தேய்வது. தொலைவு இருமடங்கானால் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. எனவே சூரியனோடு போட்டியிட ஃபிளாஷுக்கு ஒரே வழி நெருங்கிச் செல்வது. இரண்டு மூன்று மீட்டருக்குள் போனால் நிழலைக் கரைக்கலாம். இருவரும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒருவருக்கொருவர் அசையாமல் மிதப்பவர்களாகவே தோன்றுவார்கள். முழு வலுவில் ஒருமுறை மின்னினால், சிறிய ஃபிளாஷ் மறுபடி மின்னூட்டம் பெற இரண்டு மூன்று நொடியாவது ஆகும். ஒரு குதிப்புக்கு இருபது மின்னல்கள் கிடைத்தாலே அதிகம். இருபதுக்குள் அந்த முகத்தின் திருப்பத்தைப் பிடிக்க வேண்டும். யாப்பு நெருக்கினால்தான் சொல் திரளும் என்று நாம் பாடம் நடத்துவது அவருக்கு அங்கே பயன்பட்டதாகச் சொன்னார். ஆசிரியரை மகிழ்விக்கச் சொன்னதாகவும் இருக்கலாம்.

சென்ற ஆண்டு விடுப்பில் வந்தவர், ஒரு ஹெல்மெட்டையும் பழைய ஃபிளாஷ் ஒன்றையும் கொண்டுவந்து அதைப் பொருத்தும் வேலையில் இறங்கினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நம்மிடம் வந்தார்.

“குதிக்கிறது எனக்குப் பழகிப்போச்சு ஐயா. பழகலன்னாலும் பழகிட்டேன்னு சொல்லிக்கிறேன். இப்ப தலைமேல கொம்பு மாதிரி ஒண்ண வச்சிக்கிட்டு குதிக்கிறேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்.”

கொம்பு என்ற சொல்லை அவர் அறியாமல் சொல்லவில்லை. பாராசூட் முதுகிலிருந்து புறப்பட்டுத் தலையை ஒட்டியே மேலெழும். அதன் கயிறுகள் ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதிலாவது சிக்கினால், விரிய வேண்டியது விரியாது, கழுத்தும் முறியலாம். சிக்கினால் ஹெல்மெட்டையே கழற்றி எறிவதற்குத் தாடைப்பட்டையில் ஒரு விடுவிப்பு வைத்திருப்பார்கள். சிக்காவிட்டாலும் பாரம் உண்டு. காமிராவோடு இரண்டு கிலோ வரும் ஹெல்மெட், பாராசூட் விரியும் உலுக்கலில் அதுபோல் மூன்று நான்கு மடங்கு எடையாகக் கழுத்தை இழுக்கும்.

நமக்கு வேறோர் அச்சமும் இருந்தது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஐவன் மெக்குவையர் என்ற அனுபவசாலி, பயிற்றுநரையும் மாணவரையும் படம் பிடித்தபடி விமானத்திலிருந்து குதித்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட முறை குதித்தவர். அன்று அவர் முதுகில் பாராசூட் இல்லை, மாட்ட மறந்திருந்தார். உடலோடு கட்டியிருந்த பதிவுக் கருவியின் பாரம் பாராசூட்டின் பாரமாகவே தோன்றியிருக்கலாம் என்று பின்னர் ஊகித்தார்கள். அவர் காமிரா கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. பிறரைப் பார்ப்பதில் முழுதும் கரைந்துபோகிறவர் தம்மை மறந்துவிடுகிறார். கலை என்று நாம் வகுப்பில் போற்றுவதும் இந்த மறதியைத்தானே? அது பாராட்டத்தக்கது என்று நிலத்தில் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டு சொல்வது எளிது.

நாம் அவரைத் தடுக்கவுமில்லை, ஊக்கவுமில்லை. “தம்பி, அம்மாவுக்கு விளங்கும்படி செய்து காட்டுங்கள்” என்று மட்டும் சொன்னோம்.

அவர் திண்ணையில் ஹெல்மெட்டை வைத்தார். அம்மாவின் பூக்கட்டும் நூலை எடுத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, பின்னாலிருந்து ஹெல்மெட்டின்மேல் போட்டு இழுக்கச் சொன்னார். நூல் ஃபிளாஷின் கழுத்தில் மாட்டி நின்றது. பக்கவாட்டில் இழுத்தார், அடிப்பகுதியில் மாட்டியது. அம்மா ஒன்றும் பேசாமல் நூலைச் சுருட்டி வைத்தார்.

அடுத்த வாரம் ஃபிளாஷின் கழுத்தும் காலும் போயிருந்தன. அதன் மின்தேக்கியில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தங்கும் என்பதால் அதை முதலில் இறக்கிவிட்டே பிரித்தாராம். விளக்கை மட்டும் நெற்றிப் பக்கம் படுக்கவைத்துச் சுற்றிலும் கண்ணாடியிழையில் வழவழப்பான உறை. அம்மா மறுபடி நூலை இழுத்தார். உறையின் விளிம்பில் ஓரிடத்தில் தட்டியது. மூன்றாம் வாரம் எட்டுத் திசையிலிருந்தும் இழுத்தார். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. சமையலறைக்குப் போய் வாழைநாரை எடுத்துவந்து அதனாலும் இழுத்துப் பார்த்தார். “நாரு மாட்டாத இடத்துல கயிறு மாட்டாது” என்றார். தேர்வாளர்களில் இத்தனை கண்டிப்பானவரை நாம் கண்டதில்லை.

ஆபத்துக் குறைந்தது, இல்லாமற் போகவில்லை. ஆனால் நமக்கு இன்னொரு கேள்வி மிஞ்சியிருந்தது. அந்த வெளிச்சம் உண்மையைச் சொல்கிறதா?

1950 ஏப்ரலில் ஃபிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர் அவர். ஃபிளாஷை அவர் ஏற்பதில்லை. இருக்கும் ஒளியை அழிப்பது மரியாதைக் குறைவு என்பது அவர் கொள்கை. ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது, தெற்கிலிருந்து ஒரு விண்கொள்ளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைத் தாம் கண்டதாக அவர் பதிவுசெய்திருக்கிறார். உலகம் கொண்டாடிய காமிராக்காரர், தம் வாழ்வின் வியப்பான அந்த வெளிச்சத்துக்குக் கண்ணால் மட்டுமே சாட்சியானார்.

சாட்சி என்றதும் இம்மலையின் பழங்கதை நினைவுக்கு வராமல் இராது. அடியும் முடியும் காணப் புறப்பட்ட இருவரில், அன்னமாகப் பறந்த பிரமன் முடியைக் காணவில்லை. முடியிலிருந்து நெடுங்காலமாக விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழியில் கண்டு, தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லும்படி கேட்டான். அது சொன்னது, பொய்ச்சாட்சி. அதனால்தான் சிவ பூசைக்குத் தாழம்பூ ஆகாது. மாணவரின் அம்மாவின் கூடையிலும் அது இருப்பதில்லை. நம் மரபறிந்த முதல் வான்குதிப்பாளர் அந்தப் பூதான் என்று வைத்துக்கொண்டால், விழுகிறவர் சொல்லும் சாட்சி எத்தகையது என்ற கேள்வியும் அன்றே எழுந்துவிட்டது.

இதை மாணவரிடம் கேட்டோம். அவர் சொன்ன விடை இது: “ஐயா, வெயிலுக்கு எதிரே நிற்பவர் முகம் நம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. கண் சரிசெய்துகொள்கிறது, காமிராவால் முடியவில்லை. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த கறுத்த முகம்தான் பொய். நான் பார்த்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டுமே வெளிச்சம் போடுகிறேன். ராக்குதிப்புக்குக் கேட்டார்கள். இருட்டில் எந்தக் கண்ணும் பார்க்காததைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.”

அந்த மறுப்பில் கொள்கை எவ்வளவு, அம்மா எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை. கார்த்தியே பிரெசோனுக்கு இது உடன்பாடாக இருந்திராது. நமக்கு உடன்பாடே.

இரண்டு மாதம் கழித்து அவர் அனுப்பிய படமொன்றை அம்மா நம்மிடம் காட்டினார். முதன்முறை குதிக்கும் முதிய பெண்ணொருத்தியின் முகம். காற்றில் கன்னங்கள் உப்பி, வாய் திறந்து, கண்ணில் நீரும் சிரிப்புமாக ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாக இருந்தது. அம்மா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அணிந்திருந்த காற்றுக் கண்ணாடியைப் பெரிதாக்கிக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளிக்குக் கீழே, கைகளை விரித்து, எதுவும் சிக்காத தலையோடு, கடுகளவில் ஒரு மனிதர்.

“இவன்தான்” என்றார்.