மலையில்லாத ஊருக்கு ஒரு கோச்சிப் பாதை

களுதாவளைக்குக் கோச்சி வராது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும்; அதற்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் எழுவான்கரை ஊர்களுக்கு பஸ்தான். என் வீட்டு அறையில் மட்டும் ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் தொடங்கி, வாழைச்சேனை, ஏறாவூர் தாண்டி மட்டக்களப்புக்கு ஒரு பாதை ஓடுகிறது, 1:76 அளவில்.

இந்த வேலையைச் சொல்லித்தரும் புத்தகங்கள் பலவும் முதலில் ஒரு மலையைக் கட்டச் சொல்லும். மலை இருந்தால் சுரங்கம் வைக்கலாம். வளைந்து திரும்பும் தண்டவாளத்தை அதற்குள் மறைத்துவிடலாம். பதுளைப் பாதை செய்பவருக்கு அது சரி. இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரை. சமதரையை எப்படிக் காட்டுவது? மேலே குவிக்கக்கூடாது, கீழே இறக்க வேண்டும் என்பதே என் முடிவு. மாரியில் வெள்ளம் நிற்கும் தரையில் தண்டவாளம் மண் அணைமேல்தான் போகும், இடைக்கிடை மதகு இருக்கும். ஆகவே தண்டவாளத்தை உயர்ந்த பலகைக் கீலத்தில் வைத்து, இரு பக்கமும் ரெஜிபோம் தரையை இரண்டு விரற்கடை தாழ்த்தினேன். மேசை மறைந்து வயல் வந்துவிட்டது.

தரைக்கு மணல் வேண்டும். கடற்கரை பக்கத்தில்தான், ஆனால் அள்ளியபடியே போடக்கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், தண்டவாளம் கறுக்கும். நல்ல தண்ணீரில் பலதரம் அலசி, சட்டியில் வறுத்து, ஆறியபின் கடதாசியில் பரப்பி, மேலால் காந்தத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். கரும்பொடி மீசை முளைத்ததுபோல் காந்தத்தில் நிமிர்ந்து நிற்கும். அதை நீக்காவிட்டால் எஞ்சின் மோட்டாரில் உள்ள காந்தம் இழுத்துக்கொள்ளும். பிறகு மோட்டார் தேய்ந்தே போகும்.

சல்லிக்குக் கருங்கல் தூள். ஐந்து சென்ரிமீற்றர் கல் இந்த அளவில் ஒரு மில்லிமீற்றரைவிடச் சிறியது, தேத்தண்ணி வடியில் அரித்தால் கிடைக்கும். உலர்ந்த தூளைத் தூரிகையால் சிலிப்பர் கட்டைகளுக்கிடையே ஒதுக்கி, தண்ணீரைப் புகையாக விசிறி, அதன்பிறகு நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். பசையில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்த்தே ஆகவேண்டும். இல்லையேல் பசை முத்தாக நின்று தூளை உருட்டிக்கொண்டு போகும்.

பனைதான் எனக்குப் பெரிது. இருபது மீற்றர்ப் பனை இங்கே 26 சென்ரிமீற்றர். ஓடும் பெட்டியின் உயரமோ ஐந்து சென்ரிமீற்றர் அளவு. பலர் கண்ணுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பனையைப் பாதியாகக் குறைக்கிறார்கள். குறைத்தால் கோச்சி பெரிதாகி, வானம் சிறுத்துவிடும். எங்கள் நாட்டில் உயரம் என்று இருப்பதே மரம்தான். அதில் கை வைக்கக்கூடாது.

பாலத்தின் கீழ்த் தண்ணீர் நீலமில்லை. அடித்தளத்தைக் கரையில் மணல் நிறமாகவும் நடுவில் கரும்பச்சையாகவும் தீட்டி, அதன்மேல் ரெசினை மெல்லிய படைபடையாக ஊற்றுகிறேன். தடிப்பாக ஊற்றினால் சூடேறி வெடிக்கும். மாரிக்காலத்து ஈரக்காற்றில் மேற்பரப்பு பால்போட்டுவிடும். எனவே மழை மாதங்களில் கண்டல் மரம் மட்டுமே செய்வேன். பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கி, நுனியை விரித்தால் சேற்றில் ஊன்றிய வேர்கள்.

புதிய தெருப்பாலம் வருமுன் ஓட்டமாவடியில் கோச்சியும் வாகனமும் ஒரே பாலத்தில்தான் மாறிமாறிப் போயின. நான் காட்டுவது அந்தக் காலத்தை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின் பாலத்தில் ஏறும்போது மறுமுனையில் இ.போ.ச. பஸ் ஒன்று காத்து நிற்க வேண்டும். 1:76ஐத் தெரிவுசெய்ததற்கு அதுவும் ஒரு காரணம்: பிரித்தானிய லேலண்ட் பஸ்களின் மாதிரிகள் இதே அளவில் வருகின்றன. ஒன்று வாங்கிச் சிவப்புப் பூசியிருக்கிறேன். பெயர்ப்பலகையில் கல்முனை என்று எழுதத்தான் இன்னும் மெல்லிய தூரிகை தேடுகிறேன்.