கோம் நகரில் தந்தையும் மகனும்

2017 மே மாதம் நான் டெஹ்ரான் போய்ச் சேர்ந்தபோது அதிபர் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்தது. வலியஸ்ர் தெருவில் நள்ளிரவு நெருங்கியும் கூட்டம் கலையவில்லை. தெற்கே ரயில் நிலையத்திலிருந்து வடக்கே மலையடிவாரம் வரை ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளும் தெரு அது. இருபுறமும் சினார் மரங்கள். ஊர்ந்துகொண்டிருந்த கார்களின் ஜன்னல்களில் ஊதா ரிப்பன்கள் பறந்தன. ஊதா, அதிபர் ஹசன் ரூஹானியின் நிறம். கல்லூரிப் பெண்கள் கார்களை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களிடம் துண்டறிக்கைகளைத் திணித்தார்கள். ஷா காலத்தில் இதற்குப் பஹ்லவி தெரு என்று பெயர். 1979 புரட்சி வென்றதும் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பழைய பிரதமர் மொசாடெக்கின் பெயரை வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அதையும் எடுத்துவிட்டு, மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாமின் பட்டப் பெயரைச் சூட்டினார்கள். ஒன்றுசேர்ந்து ஷாவை விரட்டியவர்களில் யார் நிலைத்தார்கள், யார் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதைத் தெருப்பலகையிலேயே படித்துக்கொள்ளலாம்.

ரூஹானிக்கு எதிரே நின்றவர் இப்ராஹிம் ரைசி. அப்போது அவர் மஷ்ஹதில் இமாம் ரிஸா அடக்கத்தலத்தின் அறக்கட்டளைத் தலைவர். இருவரும் தலைப்பாகை அணிந்த மார்க்க அறிஞர்கள். ரூஹானியுடையது வெள்ளை; ரைசியுடையது, நபிகளின் வழித்தோன்றல் என்பதற்கு அடையாளமான கறுப்பு. சென்னையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கையில் மிதவாதி, கடும்போக்காளர் என்று இரண்டு சொற்களில் முடிந்துபோகிற விஷயம் இது. டெஹ்ரானில் யாரிடம் பேசினாலும் பேச்சு 1988-க்குப் போய்விட்டது.

அந்த ஆண்டின் கோடையில், இராக்குடனான எட்டாண்டுப் போர் முடியும் தறுவாயில், ஈரானின் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். பெரும்பாலோர், அரசை ஆயுதம் தாங்கி எதிர்த்த முஜாஹிதீன்-இ-கல்க் இயக்கத்தினர், பின்னர் இடதுசாரிகள். பலர் ஏற்கெனவே தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். டெஹ்ரான் சிறைகளில் யார் சாகவேண்டும் என்று முடிவுசெய்த குழுவில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் ரைசி. அப்போது வயது 27. 2016 ஆகஸ்டில், அந்த நால்வரையும் நேரில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் கண்டிக்கும் ஒலிப்பதிவு வெளியாகியிருந்தது. 28 ஆண்டுகள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த பதிவு. இஸ்லாமியக் குடியரசில் நடந்த மிகப் பெரிய குற்றம் உங்கள் கையால் நடந்திருக்கிறது, வரலாறு உங்களைக் குற்றவாளிகளாக எழுதிவைக்கும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். பேசியவர் அயத்துல்லா ஹுசைன் அலி மொந்தஸெரி. அந்த நாளில் அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. கொமேனிக்கு அடுத்து நாட்டின் தலைவராக வரவேண்டியவர் என்று 1985-லேயே நியமிக்கப்பட்டவர்.

ரூஹானி ஹமதான் நகரக் கூட்டமொன்றில், 38 ஆண்டுகளாகத் தூக்கும் சிறையும் தவிர வேறொன்றும் அறியாதவர்களை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பேசியதும் இந்த நினைவைத் தொட்டுத்தான். ஆனால் அதே நால்வர் குழுவில் இருந்த முஸ்தபா பூர்முகம்மதி, அப்போது ரூஹானியின் அமைச்சரவையிலேயே நீதித்துறை அமைச்சர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் ஊதா ரிப்பன்களை முழு மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்களின் உற்சாகம் உண்மையானது. அவர்களுக்குக் கிடைத்த தேர்வுதான் அவ்வளவு குறுகியது.

முதியவர் மொந்தஸெரி வாழ்ந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று கோம் போனேன். டெஹ்ரானிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், பாதி வழிக்குமேல் உப்புப் பாலைவனம். புறப்படும் வழியிலேயே கொமேனியின் நினைவிடத்தின் தங்கக் கூரை வந்துவிடுகிறது. அவர் வாழ்ந்த ஜமாரான் வீட்டையும் முந்தைய நாள் பார்த்திருந்தேன். பூச்சு இல்லாத சுவர்கள், சின்ன அறைகள். அந்த எளிமைக்கும் இந்தக் கூரைக்கும் சம்பந்தமே இல்லை.

கோமில் எனக்குத் துணையாக வந்தவர் ஒரு சென்னைப் பையன். ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் வட்டாரத்து ஷியா குடும்பம். மார்க்கக் கல்வி படிக்க வந்திருந்தார். வீட்டில் உருது, வெளியில் தமிழ், இப்போது பாரசீகம். “சார், இங்க எல்லாரும் பைக்லதான் போவாங்க, பாத்து நடங்க,” என்றார். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் எங்களை உரசிக்கொண்டு போனார். பின்னால் அவர் மகன், மடியில் சோஹன் மிட்டாய் டப்பா.

எரம் தெருவில் புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கேதான் மரஅஷி நஜஃபி நூலகம். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துச் சுவடிகள் சேர்த்த அந்த அயத்துல்லா, படிக்க வருகிறவர்களின் காலடி படவேண்டும் என்று நூலக வாசலிலேயே தன்னை அடக்கம் செய்யச் சொன்னார். வாசலில் நின்று அந்தக் கல்லைப் பார்த்தபோது இந்த ஊரின் பழைய குணம் எனக்குப் புரிந்தது. ஷியா மரபில் போப் கிடையாது. மர்ஜா எனப்படும் பேரறிஞர்கள் ஒரே காலத்தில் பலர் இருப்பார்கள். யாரைப் பின்பற்றுவது என்று அவரவர் முடிவுசெய்து, வருமானத்தின் மிச்சத்தில் ஐந்திலொரு பங்கான குமுஸை அவரிடமே நேராகச் செலுத்துவார்கள். அரசன் தயவு இல்லாமல் அறிஞர் வாழ முடிந்தது இதனால்தான். ஷாவை எதிர்க்கும் துணிவும் இங்கிருந்துதான் வந்தது. “எங்க வீட்ல எல்லாரும் சீஸ்தானி சாஹிபைத்தான் சார் பின்பற்றுறோம்,” என்றார் பையன். மஷ்ஹதில் பிறந்து இராக்கின் நஜஃபில் வாழும் சீஸ்தானி, அரசுப் பதவி எதையும் ஏற்காதவர்.

கொமேனி 1970-இல் நஜஃபில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வேறொன்றைச் சொன்னார்: இமாம் மறைந்திருக்கும் காலத்தில் ஆளும் பொறுப்பு மார்க்கச் சட்ட அறிஞருக்கே உரியது. விலாயத்-இ-ஃபகீஹ் என்ற இந்தக் கொள்கை 1979 அரசியல் சாசனத்தில் ஏறியபோது, கோமின் மூத்த அறிஞர் ஷரியத்மதாரி அதை ஏற்கவில்லை. 1963-இல் கொமேனி கைதானபோது, அவர் உயர் மார்க்க அறிஞர் என்று சான்று கூறி அவர் உயிரைக் காக்க முன்நின்றவர்களில் ஒருவர் இதே ஷரியத்மதாரி. 1982-இல் அவர்மேல் சதிக்கு உடந்தை என்று குற்றம் சாட்டி, மர்ஜா தகுதியைப் பறித்தார்கள். தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். மர்ஜா என்பது மக்கள் நம்பிக்கையால் கிடைக்கிற இடம். அதை ஒரு அறிவிப்பால் பறிக்கலாம் என்று ஆனபோது, நூற்றாண்டுகளாக அரசர்களால் செய்ய முடியாததை மார்க்கத்தின் பெயரால் வந்த அரசு செய்துவிட்டது. 1986-இல் அவர் வீட்டுக்காவலில் இறந்தார். முறையான ஊர்வலம்கூட இல்லாமல் இரவில் அடக்கம் செய்தார்கள்.

கோஷ்டிச் சண்டை அதன்பின் ஓயவே இல்லை. வெளியிலிருந்து பார்க்க எல்லாரும் ஒரே தலைப்பாகை. உள்ளே, நிலச் சீர்திருத்தமும் அரசுக் கட்டுப்பாடும் வேண்டும் என்ற இஸ்லாமிய இடதுசாரிகள் ஒருபக்கம். தனிச்சொத்து மார்க்கம் தந்த உரிமை என்ற பஜார் சார்பு வலதுசாரிகள் மறுபக்கம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களை, சட்டங்களையும் வேட்பாளர்களையும் சலிக்கும் காவலர் மன்றம் தடுத்துக்கொண்டே இருந்தது. ஆளும் இஸ்லாமியக் குடியரசுக் கட்சி கலைக்கப்பட்டது, அறிஞர் சங்கமும் உடைந்தது. 1988 ஜனவரியில் கொமேனி ஒரு தீர்ப்பு எழுதினார்: அரசின் நலனுக்காகத் தேவைப்பட்டால் ஹஜ் போன்ற கடமைகளைக்கூட நிறுத்திவைக்கலாம். அரசும் மார்க்கச் சட்டத்துக்குள் அடங்கியதே என்று பேசிய அன்றைய அதிபர் காமனெயிக்கு விடுத்த கண்டனம் அது. ஒன்றரை ஆண்டு கழித்து அதே காமனெயிதான் கொமேனியின் இடத்துக்கு வந்தார். அவர் மர்ஜா அல்ல என்பதால், அந்தத் தகுதியே தேவையில்லை என்று சாசனத்தைத் திருத்தினார்கள். மார்க்க அறிவுக்கு ஆட்சியைத் தருகிறோம் என்று தொடங்கியவர்கள், பத்தே ஆண்டில் ஆட்சிக்காக அந்த அறிவின் அளவுகோலைத் தாழ்த்தினார்கள். ஈரான் புரட்சியின் கதையில் எனக்கு மிகுந்த துக்கம் தருவது இந்த இடம்தான்.

இமாம் ரிஸாவின் சகோதரி ஃபாத்திமா மசூமாவின் அடக்கத்தலத்துக்குள் நுழைந்தோம். தங்கக் குவிமாடம், நீல ஓடுகள், உள்ளே கண்ணாடிச் சில்லுகளில் உடைந்து மின்னும் ஒளி. பாக்தாதிலிருந்தும் லக்னோவிலிருந்தும் வந்த குடும்பங்கள் கம்பளத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டும் குழந்தைகளுக்குச் சோறூட்டிக்கொண்டும் இருந்தன. நான் மொந்தஸெரியின் கபர் எங்கே என்றதும் பையன் குரலைத் தாழ்த்தி, “காட்றேன் சார். ஆனா அங்க நின்னு பேச வேணாம்,” என்றார்.

தந்தையும் மகனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

மகன் முகம்மது மொந்தஸெரி, ஷாவின் சிறையில் வதைபட்ட தீவிரப் புரட்சியாளர். 1981 ஜூன் 28 அன்று இஸ்லாமியக் குடியரசுக் கட்சி அலுவலகத்தில் குண்டு வெடித்து, தலைமை நீதிபதி பெஹெஷ்தியும் எழுபதுக்கு மேற்பட்டவர்களும் செத்தார்களே, அதில் அவரும் ஒருவர். அரசு அந்தக் குண்டுக்குப் பழி சுமத்தியது முஜாஹிதீன் இயக்கத்தின்மேல். ஆண்டுதோறும் அந்தத் தியாகிகளுக்கு அரசு விழா எடுக்கிறது. டெஹ்ரானில் ஒரு சதுக்கத்துக்கே அந்த நாளின் பெயர்.

ஏழாண்டு கழித்து அதே இயக்கத்தின் கைதிகளைத் தூக்கில் போடாதீர்கள் என்று மன்றாடியவர் அந்த மகனின் தந்தை. பழிவாங்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்? மகனின் ரத்தத்தை ஏந்திக்கொண்டு அதிகாரத்தில் ஏறியிருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும், சில மாதங்களில் நாட்டின் தலைவர். மாறாக, கொமேனிக்கே எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினார். 1989 மார்ச்சில் வாரிசுப் பதவி போயிற்று. அலுவலகச் சுவர்களிலிருந்து படங்கள் இறங்கின. 1997-இல் காமனெயியின் மார்க்கத் தகுதியைக் கேள்வி கேட்டதற்காக ஐந்தாண்டுக்கு மேல் வீட்டுக்காவல்.

அவர் மார்க்கத்தை விட்டு வெளியே வந்து இதைச் செய்யவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலாயத்-இ-ஃபகீஹுக்கு நான்கு தொகுதிகளில் விரிவான நூல் எழுதியவரே அவர்தான். அதே சட்ட நூல்களைத் திரும்பத் திரும்ப வாசித்துத்தான், அறிஞரின் அதிகாரம் மக்கள் தேர்விலிருந்து வருவது, அது கண்காணிப்போடு நிற்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பஹாயிகளுக்கும் குடிமக்களுக்குரிய உரிமை உண்டு என்று 2008-இல் ஃபத்வா தந்ததும் அந்தப் படிப்பின் வழியேதான். தூக்குக் கயிற்றுக்கு ஆதாரம் தேடியவர்களும் அதே நூல்களைத்தான் புரட்டினார்கள். எனவே மார்க்கம் அரசியலில் கலந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. ஈரானில் அதிகாரத்துக்கு எதிராக எழுந்த மிகத் துணிவான குரல்களில் ஒன்று மதரஸாவிலிருந்து வந்தது. 2009 டிசம்பரில் அவர் இறந்தபோது, அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வேட்பாளர் மூசவியின் வாக்குகள் திருடப்பட்டன என்று கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் கோமை நிறைத்தார்கள். பல ஆண்டுகளாகத் தொழாதவர்களும் அந்த ஜனாஸாவுக்கு வந்ததாக வெளியே தேநீர்க் கடையில் பையன் சொன்னார். அவருடைய ஆசிரியர் சொல்லிக் கேட்டதாம்.

வாக்குப்பதிவு மே 19, வெள்ளிக்கிழமை. டெஹ்ரானில் எனக்குப் பழக்கமான பேராசிரியர் ஒருவரோடு அவர் வாக்களிக்கும் பள்ளிவாசல் வரை போனேன். இளமையில் கோமில் பாடம் கேட்டவர் அவர். அங்கே வாக்குச்சீட்டில் சின்னமோ பெயர்ப் பட்டியலோ கிடையாது. வேட்பாளர் பெயரைக் கையால் எழுதவேண்டும். வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. பூர்முகம்மதியை அமைச்சராக வைத்திருப்பவருக்கா உங்கள் வாக்கு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இவரிடம் வாதாடலாம். தோற்றாலும் வீட்டுக்குத் திரும்பி வரலாம்,” என்றார். ரூஹானி 57 சதவீத வாக்குகளோடு வென்றார். முடிவு வந்த இரவு வலியஸ்ர் தெருவில் ஆடினார்கள்.

2021-இல் முக்கியப் போட்டியாளர்களைக் காவலர் மன்றம் தகுதிநீக்கம் செய்தபின் ரைசி அதிபரானார். வாக்களித்தவர்கள் பாதிப்பேருக்கும் குறைவு. இரண்டாம் இடம் பிடித்தவை செல்லாத வாக்குகள், சுமார் 37 லட்சம். பேராசிரியர் அந்த முறை வீட்டிலேயே இருந்துவிட்டதாக எழுதினார். 2024 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் ரைசி இறந்ததும் நடந்த தேர்தலில், காவலர் மன்றம் அனுமதித்த ஆறு பேரில் ஒருவர் பூர்முகம்மதி. முன்னாள் அதிபர்களையும் அமைச்சர்களையும் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கும் மன்றத்துக்கு, அந்த ஒலிப்பதிவில் கண்டிக்கப்பட்டவர் தகுதியானவராகத் தெரிந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு, கடைசி இடம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. பேராசிரியருக்கு உடனே எழுதினேன்; இரண்டாம் சுற்றில் போய் வாக்களித்தேன் என்று பதில் வந்தது.