சொல்லிசையும் ஆறாண்டுத் தமிழும்

மலேசியத் தமிழிளைஞரிடையே சொல்லிசை என்னும் பாடல்முறை வேரூன்றியதற்கு முதன்மையானவர் யார் என வினவின், யோகி பி என்னும் பெயரே முந்தி நிற்கும். யோகேஸ்வரன் வீரசிங்கம் என்பது அவர்தம் இயற்பெயர். 1973ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் ஏழைக் கறுப்பின இளைஞரிடையே அரும்பிய கலையொன்று, கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர்தம் பேரப்பிள்ளைகளின் நாவில் தமிழாய்க் குடியேறிய வரலாறு எண்ணத்தக்கது.

தொடக்கத்தில் அவர் பாடியது தமிழிலன்று. 'பொயட்டிக் அமோ' என்னும் நால்வர் குழுவில் இணைந்து, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடினார். அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1998இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் புகழ் பெற்றவர் அங்கேயே நின்றிருக்கலாம், நிற்கவில்லை. டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்ரா' குழுவாய் இணைந்து, 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த்தொகுப்பை அளித்தார். 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசைத்த 'மடை திறந்து' பாடலைத் தழுவிய அவர்களது பாடல் கடல் கடந்தும் பரவியது. பின்னர்ப் 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) முதலிய தமிழ்நாட்டுத் திரைப்படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. தமிழகத்துப் பாடலையே கேட்டுப் பழகிய மலேசியத் தமிழர், தம் மண்ணின் குரலைத் தமிழகம் விரும்பிக் கேட்கக் கண்டனர். இது சிறிய செய்தியன்று.

"இஃது இசையா, இரைச்சலா?" எனப் பெரியோர் சிலர் முகஞ்சுளித்தனர். பண்ணின் ஏற்ற இறக்கத்தைத் தேடுவார்க்கு இப்பாடல்கள் ஏமாற்றமே தரும். ஆயின், தாளத்தின்மேல் சொற்களை விரைந்து அடுக்கி, ஒலி இயைபால் செவியைக் கட்டுவதே சொல்லிசையின் உயிர். எதுகையும் மோனையும் இயைபும் தமிழர்க்குப் புதியனவோ? அருணகிரிநாதரின் சந்தத்தில் திளைத்த செவிக்கு, சொல்லே தாளமாகும் விந்தை அயலானதன்று. யோகி பியின் கனத்த குரலும், அழுத்தந்திருத்தமான உச்சரிப்பும் இதற்குத் துணை நின்றன.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவை யாவும் தொடக்கப்பள்ளிகளே. ஆறாண்டு முடிந்ததும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் மலாய்மொழி வழி பயிற்றும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டும், போதிய மாணவர் சேருமிடத்தே, கற்பிக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதில் கற்ற எழுத்து, பதினாறு வயதில் மங்கத் தொடங்குகிறது. நூலகத்துத் தமிழ்நூலைத் தேடிச் செல்லாத அவ்விளைஞன், பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஒலிக்கும் பாடலைத் தேடாமலே கேட்கிறான். கேட்ட வரிகளை மனப்பாடமாய் ஒப்புவிக்கிறான். செய்யுளை மனனஞ் செய்ய மறுத்த நா, இங்குத் தானே முன்வருகிறது.

குறையே இல்லை எனல் மிகையாகும். ஆங்கிலக் கலப்பு இப்பாடல்களில் மிகுதி. பின்வந்தோருள் சிலர் வீறாப்புப் பேச்சையே கலையென மயங்கியதும் உண்டு. அவற்றைக் கடிந்துரைத்தல் ஆசிரியர் கடனே. எனினும், கடிவதோடு நிற்பின் மாணவனும் விலகுவான். அவனோடு தமிழும் விலகும். அவன் விரும்பும் பாடலிலேயே எதுகை எது, மோனை எது எனச் சுட்டிக்காட்டின், யாப்பிலக்கணத்திற்கு அதுவே வாயிலாகும். ஆறாண்டில் பள்ளி விதைத்ததை வாடவிடாது காக்கும் நீர் எத்திசையிலிருந்து வரினும், அதனைப் பாத்திக்குத் திருப்பிவிடுதலே அறிவுடைமை.